எண்பத்தொன்று

பெயர் கேட்டார்கள்.
இருதயமேரி என்றேன்.
மதுரை ஆஸ்பத்திரி நர்ஸ்
சிரிப்பை மறைக்க மாஸ்க்கை ஏற்றிக்கொண்டாள்.
பரவாயில்லை தாயி,
பாம்பன் கோயிலில் தண்ணீர் ஊற்றி வைத்த பேர்.
வைத்தவர்களுக்கு வால்வைப் பற்றித் தெரியாது.

நெஞ்செலும்பை நெடுக அறுத்து
கம்பியால் தைத்திருக்கிறார்கள்.
கிழிந்த வலைக்குக்கூட நாங்கள் நூல்தான் போடுவோம்.

மூன்று பந்து உள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று தந்தார்கள்.
இழு, இன்னும் இழு என்றார்கள்.
முதல் பந்து எழுந்தது, ஆடியது, விழுந்தது.
மற்ற இரண்டும்
என்னைத் தெரியாதது போலக் கிடந்தன.
குருசடைத் தீவுக்குத் தெற்கே
ஒரே மூச்சில் மூன்று பாறை தடவி
மரிக்கொழுந்துப் பாசி பிடுங்கி மேலே வந்தவள் நான்.
யாரிடம் சொல்ல?
பக்கத்துக் கட்டில் அருப்புக்கோட்டைக்காரி
மூன்றையும் தூக்கி நிறுத்திவிட்டு
என் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊர் திரும்பும்போது
பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும்
பஸ் ஒரு குதி குதித்தது.
நெஞ்சோடு தலையணையை அணைத்திருந்தேன்,
இருமினாலும் அதுதான், தும்மினாலும் அதுதான்.
"தலகாணி யாவாரமாக்கா?" என்றான் கண்டக்டர்.
இரண்டு ஜன்னலிலும் கடல்.
நான் பார்க்கவில்லை.
பார்த்தால் விசாரிக்கும்.

புது வால்வு சத்தம் போடும்,
சொல்லித்தான் அனுப்பினார்கள்.
பகலில் காற்றும் பிள்ளைகளும் அதை மூடிவிடுவார்கள்.
கரண்ட் போன ஒரு ராத்திரி
கஸ்பார் எழுந்து
சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி பாட்டரியை உருவினார்.
வந்து படுத்தார்.
டிக்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
நானும் சொல்லவில்லை.
நின்றுபோனால் முதலில் யாருக்குக் கேட்காமல் போகும்,
எனக்கா, அவருக்கா?
இதையே நினைத்து நாற்பது ராத்திரி
மல்லாந்து கிடந்தேன்.

மாத்திரை ரத்தத்தை உறையவிடாது.
முருங்கைக்கீரையில் கவனம்.
பாறை கீறினால் நிற்காது, இனி முங்காதே என்றார் டாக்டர்.
பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்,
முப்பது வருஷத்துக் கீறல்.
பொறுமையாகப் பார்த்தார்.
பிறகும் அதையே சொன்னார்.
கத்தி வைத்தபோது அழாதவள்
அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் அழுதேன்.

குழாயடி வரை ஒரு நாள்.
ஐஸ் கம்பெனி வரை ஒரு நாள்.
மறுநாள் வாசல் வரைகூட முடியவில்லை.

அமாவாசை கழித்து மூன்றாம் நாள் நாகரெத்தினம் வந்தாள்.
எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.
"வள்ளத்துல ஒரு ஆள் வேணும்" என்றாள்.
சாக்கு தூக்கக்கூடாதே என்றேன்.
"ஒன்னைய யாரு தூக்கச் சொன்னா?
உக்காந்து பாரு, போதும்."

கச்சான் ஓய்ந்த காலை.
விரலில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி
ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள்.
தண்ணீர் மூடிக்கொண்டது,
யாரும் இறங்காதது போல.
முப்பது வருஷம் உள்ளேயே இருந்தவளுக்கு
மேலே இருப்பவர்கள் என்ன செய்வார்கள் என்று
தெரிந்ததே இல்லை.
ஆறு மணி நேரம் கஸ்பார்
ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு நின்றாராம்.
இன்ஜினை நிறுத்தியிருந்தார்கள்.
பறவை இல்லை, பேச்சு இல்லை.
டிக்.

எண்ணத் தொடங்கினேன்.
நாற்பது. ஐம்பத்தாறு.
எழுபதில் பயம் வந்தது,
பயம் வந்ததும் கடிகாரமே வேகமெடுத்தது,
எழுபத்தெட்டு எழுபத்தொன்பது
தாயே மாதாவே எண்பது,

புஸ்ஸென்று மூச்சை விட்டபடி
நாகரெத்தினம் தலை.
பாசியை வள்ளத்தில் எறிந்தாள்.
"என்னடி முணுமுணுக்குற?"
"எண்பத்தொண்ணு" என்றேன்.
"நான் உள்ள இருந்ததா?
இத்தன வருசத்துல ஒருத்தியும் எண்ணுனதில்லையே!"
கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.
"எண்ணு. தப்பா எண்ணாத."

தலையணையை எடுத்து
கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.
பலகை குத்திக்கொண்டே இருந்தது காலையிலிருந்து.

ஒன்று.